கோதன்பேர்க்கிலை நிண்ட அம்பது லட்சம் பேர்

ஹேர்னிங்,
டென்மார்க்.

அன்புள்ள மச்சானுக்கு,

 

இந்த நாட்டிலை அம்பது வயசு தாண்டின ஆரோடையாவது பத்து நிமிசம் கதைச்சுப் பார். அவர் 1992 ஜூன் 26 இரவு சுவீடனிலை, கோதன்பேர்க் உல்லேவி மைதானத்திலை, நேரிலை நிண்டவராயிருப்பார். என்ரை பல்லு டொக்டர் நிண்டவர். காருக்கு ரயர் மாத்துற கடைக்காரன் நிண்டவன். வேலையிலை எனக்கு மனேச்சரா இருந்த மனுசன், அவற்றை மனுசி, மனுசியின்ரை முதல் புருசன், மூண்டு பேரும் நிண்டவை. ஆனால் ஒருத்தரை ஒருத்தர் காணேல்லையாம். அண்டைக்கு அந்த மைதானத்துக்குள்ளை இருந்தது 37,800 பேர், அதிலையும் ஜேர்மன்காரர் ஒரு பங்கு, வீட்டுக்காரரான சுவீடன்காரர் ஒரு பங்கு. டென்மார்க்கின்ரை சனத்தொகை அப்ப அம்பது லட்சத்துக்குக் கொஞ்சம் மேலை. அத்தினை பேரும் எப்பிடி உள்ளுக்கை அடைஞ்சினம் எண்டு கோதன்பேர்க் பொலிசைத்தான் கேக்கவேணும்.

நான் ஒருத்தன்தான் அண்டைக்கு ஹேர்னிங்கிலை நிண்டது போலை கிடக்கு. மூண்டாம் மாடியிலை, ஆட்டுக்கறிச் சட்டிக்குப் பக்கத்திலை. இதைச் சொன்னால் சனம் என்னைப் பரிதாபமாப் பாக்குது.

"உந்தச் சின்ன நாடு ஐரோப்பிய உதைபந்தாட்டக் கப்பை எப்பிடியடா எடுத்தது" எண்டு நீ கன காலமாக் கேக்கிறாய். போனிலை சொல்ல வெளிக்கிட்டால் தங்கச்சி இடையிலை பூந்து "அண்ணை, அங்கை இப்ப ஸ்நோவோ?" எண்டு கேப்பா. பேந்து கதை பனிக்குள்ளை புதைஞ்சுபோம். அதாலை இருந்து எழுதுறன்.

முதலிலை ஆக்களைப் பற்றிச் சொல்லவேணும். டெனிஷ்காரர் தங்களைப் பற்றிப் பெருமை பேசமாட்டினம். அக்செல் சாண்டமூஸ எண்ட எழுத்தாளர் 1933இலை ஒரு நாவலிலை பத்துக் கட்டளை எழுதிவைச்சார். "நீ பெரிய ஆள் எண்டு நினைக்காதை" எண்டதுதான் பத்தினதும் சாரம். மனுசன் நக்கலுக்கு எழுதினதை இஞ்சை சனம் மோயீசன் மலையிலை இருந்து கொண்டுவந்தது போலை கடைப்பிடிக்குது. பென்ஸ் கார் வாங்கினவன் அதை வீட்டுக்குப் பின்னாலை விடுவான். எங்கடை ஆக்கள் பென்ஸ் வாங்கினால் எங்கை விடுவினம் எண்டு உனக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனால் இந்த அடக்கமெல்லாம் ஆராவது "92" எண்டு வாயெடுக்கும்வரைக்கும்தான்.

சங்கதி இதுதான். ஐரோப்பியக் கிண்ணத்திலை அப்ப எட்டு நாடு மட்டும்தான் விளையாடுறது. தகுதிச் சுற்றிலை டென்மார்க் தன்ரை பிரிவிலை இரண்டாவதா வந்தது, ஒரேயொரு புள்ளியாலை யூகோஸ்லாவியாவுக்குக் கீழை. முதலாவதா வந்தவனுக்குத்தான் இடம், கதை முடிஞ்சுது. யூகோஸ்லாவியா லேசுப்பட்ட அணியுமில்லை. 91இலை ஐரோப்பியக் கழகக் கிண்ணம் எடுத்த றெட் ஸ்ரார் பெல்கிறேட் பெடியள் அதுக்குள்ளை இருந்தவை. தகுதிச் சுற்றிலை பாஞ்சேவ் தனிய பத்துக் கோல் அடிச்சவன். ஆனால் நாடு உடைஞ்சு கொண்டிருந்தது. குரோவேசியப் பெடியள் முதலே கழண்டிட்டினம். பயிற்சியாளர் இவிட்சா ஓசிம் சரயேவோக்காரர். ஊருக்குச் செல் விழேக்கை, மனுசி அங்கை நிக்கேக்கை, அவர் மே மாதமே பதவியை எறிஞ்சுபோட்டுப் போனார். மே 30 ஐ.நா. பாதுகாப்புச் சபை 757ஆம் தீர்மானத்தைப் போட்டு, விளையாட்டையும் சேர்த்துத் தடை விதிச்சுது. அணி அப்ப சுவீடனுக்கே வந்து இறங்கீட்டுது. பெட்டியைத் திருப்பிக் கட்டச் சொல்லிப்போட்டு, இரண்டாவதா வந்த டென்மார்க்கைக் கூப்பிட்டினம். போட்டி தொடங்கப் பத்து நாள்தான் கிடந்தது.

மச்சான், அந்தச் செய்தியைக் கேட்ட உடனை எங்கடை வீட்டிலை ஒரு பெடியன் சொன்னான்: "இவங்களும் எங்களை மாதிரித்தான் உள்ளுக்கை பூந்திருக்கிறாங்கள்." அந்த வீட்டிலை ஒண்டா இருந்த நாங்கள் நாலு பேரும் சிரிச்சம். ஆனால் சரியாத்தான் சொன்னான். நாங்கள் இந்த நாட்டுக்குள்ளை வந்தது எங்கடை சண்டையாலை. இவை அந்தப் போட்டிக்குள்ளை போனது அடுத்தவன்ரை சண்டையாலை. கதவு திறபடும் எண்டு ஆரும் நினைக்கேல்லை, பெட்டி கட்ட நேரமில்லை, உள்ளுக்கை போன பிறகும் ஒருத்தரும் பொருட்டா எடுக்கேல்லை. ஒரு வித்தியாசம், அவையளை ஆரும் கைரேகை எடுக்கேல்லை. அண்டையிலை இருந்து அந்த அணி எங்களுக்குச் சொந்தக்கார அணி.

விளையாட்டுக்காரர் எல்லாரும் கடற்கரையிலை வெயில் காஞ்சு கொண்டிருந்தவை, கட்டைக் காற்சட்டையோடை அப்பிடியே பிடிச்சுக்கொண்டு போனது எண்டு இஞ்சை சின்னப் பிள்ளையும் சொல்லும். அது பொய். சோவியத் உடைஞ்சு மிஞ்சின நாடுகளின்ரை அணியோடை அந்தக் கிழமை ஒரு நட்பாட்டம் இருந்தது. பெடியள் அதுக்கு ஆயத்தமாத்தான் நிண்டவை. ஆனால் உண்மையைச் சொல்லி இந்தச் சனத்தின்ரை மனதை உடைக்க நான் ஆர்? எனக்கு இஞ்சை பென்சன் எடுக்கவேணும்.

மற்றக் கதை உண்மை. பயிற்சியாளர் றிச்சர்ட் மொல்லர் நீல்சன் அந்தக் கோடைக்கு வீட்டுக் குசினியைப் புதுசாக்கிற திட்டத்திலை இருந்தவர். குசினி கிடந்தபடி கிடக்க, மனுசன் சுவீடனுக்கு வெளிக்கிட்டார். டெனிஷ் மனுசிமார் இதை வேறை விதமாச் சொல்லுவினம்: குசினி வேலையிலை இருந்து தப்ப ஆம்பிளையள் எவ்வளவு தூரமும் போவினம், தேவையெண்டால் ஐரோப்பியக் கிண்ணமும் எடுப்பினம் எண்டு.

அந்த மனுசனை அப்ப நாட்டிலை கன பேருக்குப் பிடிக்காது. அவருக்கு முதல் செப் பியொன்ரெக் எண்ட ஜேர்மன்காரர்தான் பயிற்சியாளர். அவற்றை அணி 86 உலகக் கிண்ணத்திலை உருகுவேயை 6-1 எண்டு கிழிச்சதை நான் அகதி முகாம் ரீவியிலை, நாட்டுக்கு வந்த புதுசிலை பாத்தனான். அதுதான் ஆட்டம்! பேந்து ஸ்பெயினிட்டை 5-1 எண்டு வாங்கிக் கட்டிக்கொண்டு வீட்டை போச்சினம், அது வேறை. மொல்லர் நீல்சன் அந்த மாதிரி இல்லை. முதல் கோலைக் காப்பம், பிறகு பாப்பம் எண்டவர். அதுக்குக் கோவிச்சுக்கொண்டு லௌட்ரப் சகோதரர் இரண்டு பேரும் 90இலை அணியை விட்டுப் போச்சினம். தம்பி பிறயன் திரும்பி வந்தான். அண்ணன் மைக்கல் வரேல்லை. மைக்கல் அந்த மே மாதம்தான் பார்சலோனாவோடை ஐரோப்பியக் கழகக் கிண்ணம் தூக்கினவன். அப்பிடிப்பட்ட ஒருத்தன் வீம்புக்கு வீட்டிலை இருக்க, மிச்சப் பெடியள் போய்க் கப்போடை வந்தால் அவன்ரை நெஞ்சு எப்பிடி வேகும் எண்டு நான் இப்பவும் சில நேரம் யோசிக்கிறனான்.

அதுக்குள்ளை இன்னொரு கூத்து. ஜூன் 2 மாஸ்ரிக்ற் ஒப்பந்தத்துக்குச் சனவாக்கெடுப்பு. ஐரோப்பா எல்லாம் ஒண்டாச் சேருவம் எண்ட கடதாசிக்கு டெனிஷ்காரர் 50.7 வீதம் "மாட்டம்" எண்டு குத்திவிட்டினம். அப்ப எங்களுக்கு வாக்கில்லை, வேடிக்கை மட்டும்தான். ஐரோப்பா வேண்டாம் எண்டு சொல்லி ஒம்பதாம் நாள், ஐரோப்பியக் கிண்ணத்துக்கு விளையாடப் போச்சினம். இறுதியாட்டம் நடந்த நேரம் பாத்து லிஸ்பனிலை ஐரோப்பியத் தலைவர்மாரின்ரை கூட்டம். வெளிவிவகார மந்திரி உஃப எல்லமன்-யென்சன் கழுத்திலை அணியின்ரை சால்வையைச் சுத்திக்கொண்டு அங்கை போய், சேர ஏலாட்டி அடிச்சுப்போடவேணும் எண்ட கருத்திலை ஒரு பகிடி விட்டார். ராசதந்திரி எண்டால் அப்பிடி இருக்கவேணும்.

ஆட்டங்களை ஒவ்வொண்டாச் சொல்லி உன்னை அறுக்கமாட்டன். இங்கிலாந்தோடை கோலில்லாமல் சமன். சுவீடனிட்டை 1-0 தோல்வி. பெட்டியைக் கட்டு எண்டு எங்கடை வீட்டிலை தீர்மானமே போட்டாச்சு. அடுத்தது பிரான்ஸ், தகுதிச் சுற்றிலை எட்டு ஆட்டத்தையும் வெண்டுபோட்டு வந்தவை, பயிற்சியாளர் பிளாற்றினி. டென்மார்க் 2-1. மாற்று ஆளா இறங்கின லார்ஸ் எல்ஸ்ட்ரப் அடிச்ச கோல். ஆரும் நம்பேல்லை, டெனிஷ்காரரே நம்பேல்லை.

இனித்தான் கீழ்வீட்டுக் கிழவரின்ரை கதை வருது.

எங்களுக்கு நேர கீழை ஒரு கிழவர் தனிய இருந்தவர், றெயில்வேயிலை வேலை செய்து இளைப்பாறினவர். நாங்கள் குடிவந்த காலம் தொட்டு எங்களுக்கும் அவருக்கும் இருந்த உறவு முழுக்கக் கடதாசி மூலம்தான். கறி காய்ச்சின அண்டைக்குக் கதவிலை துண்டு கிடக்கும்: யன்னலைத் தயவுசெய்து பூட்டவும். அடுத்த கிழமை இன்னொரு துண்டு: யன்னலைத் தயவுசெய்து திறக்கவும். கையெழுத்து முத்து முத்தா இருக்கும். முகத்தைப் படிக்கட்டிலை கண்டால் ரெண்டு பேரும் சுவரைப் பாத்துக்கொண்டு போறது.

ஜூன் 22 அரையிறுதி, நெதர்லாந்தோடை. 88இலை கிண்ணம் எடுத்தவை. குல்லிற், வான் பாஸ்டன், றைக்காட், பேர்க்காம்ப் எண்டு பேரைக் கேட்டாலே கால் நடுங்கும். ஹென்றிக் லார்சன் இரண்டு கோல் அடிச்சும் முடியிற நேரம் றைக்காட் சமப்படுத்திப்போட்டான். ஹென்றிக் அண்டர்சன் முழங்கால் சில்லு உடைஞ்சு வெளியாலை போனான். மேலதிக நேரமும் முடிஞ்சு பெனல்டிக்கு வர, எங்கடை கதவிலை தட்டுச் சத்தம். திறந்தால் கிழவர். கையிலை இரண்டு பியர். தன்ரை ரீவி படம் ஓடுது, சத்தம் நிண்டுபோச்சு, உள்ளுக்கை வரலாமோ எண்டு கேக்கிறார்.

உனக்கு இது விளங்காது. டெனிஷ்காரன் ஒருத்தன்ரை வீட்டை போறதெண்டால் மூண்டு கிழமைக்கு முதல் கலண்டரைப் பாத்து நாள் குறிக்கவேணும். பெத்த மகனே தாயைப் பாக்க நேரம் கேட்டுத்தான் வருவான். அந்தச் சனத்திலை ஒருத்தர் சொல்லாமல் கொள்ளாமல், அதுவும் எங்கடை வீட்டுக் கதவைத் தட்டினதுதான் என்ரை கணக்கிலை அந்த வருசத்தின்ரை பெரிய அதிசயம். வான் பாஸ்டன் அடிச்சதை பீற்றர் ஸ்மைக்கல் பாஞ்சு பிடிச்சது அதுக்கு அடுத்ததுதான். கடைசி உதைக்கு கிம் கிறிஸ்டொஃப்ட வந்தான். ஓடி வரவே இல்லை மச்சான். பஸ் ஏறப் போறவன் மாதிரி ரெண்டு எட்டு வைச்சு, மெல்லத் தட்டிவிட்டான். கோல். கிழவர் எங்கடை சோபாவிலை ஏறி நிண்டார். சப்பாத்தோடை இல்லை, சப்பாத்தைக் கழட்டி ஒழுங்கா வாசலிலை வைச்சுப்போட்டுத்தான் வந்தவர்.

அடுத்த நாள் இரவு சங்க்ற் ஹான்ஸ். ஊரெல்லாம் நெருப்பு மூட்டி, சூனியக்காரிப் பொம்மையை அதுக்குமேலை வைச்சு எரிக்கிற நாள். கிழவர் எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். அந்தக் கோடை மழையே இல்லாமல் புல்லெல்லாம் காஞ்சு மஞ்சளாக் கிடந்தது. நெருப்பைப் பாத்து எல்லாருக்கும் பயம். ஆனால் கதை முழுக்க ஜேர்மனியைப் பற்றித்தான்.

வெள்ளிக்கிழமை வந்தது. ஜேர்மனி உலகச் சாம்பியன், 90இலை எடுத்த கிண்ணம் இன்னும் மினுங்கிக்கொண்டிருந்த காலம். எங்கடை வீட்டிலை ஆட்டுக்கறியும் றொட்டியும். கிழவர் இந்தமுறை ஆறு பியரோடையும் ஒரு சின்னக் கொடியோடையும் வந்தார். டெனிஷ்காரருக்குக் கொடி இல்லாமல் ஒண்டும் நடக்காது: பிறந்தநாள் கேக்கிலை கொடி, நத்தார் மரத்திலை கொடி. அண்டைக்கு எங்கடை கறிச் சட்டிப் பிடியிலையும் கொடி.

18ஆம் நிமிசம் ஜோன் யென்சன் அடிச்சான். இதுக்கு ஒரு பின்கதை இருக்கு. யென்சன் எங்கை நிண்டு அடிச்சாலும் பந்து கோல் கம்பத்துக்கு மேலாலை போறதுதான் வழக்கம், சனம் அவன் காலைத் தூக்கின உடனை சிரிக்கும். அண்டைக்கு மாத்திரம் பந்து வலையின்ரை மேல் மூலையைக் கிழிச்சுக்கொண்டு போச்சு. அந்த ஒரு கோலைப் பாத்திட்டு லண்டன் ஆர்சனல் கழகம் அவனை வாங்கினது. அங்கை போய் அவன் ஒரு கோல் அடிக்க 1994 டிசம்பர் 31 ஆச்சுது. அவன் ஆர்சனலுக்கு அடிச்ச ஒரே கோலும் அதுதான். "ஜோன் யென்சன் கோலடிச்ச நேரம் நான் அங்கை நிண்டனான்" எண்டு ரீசேட் அச்சடிச்சு வித்தவை. கோதன்பேர்க்கிலை நிண்ட டெனிஷ்காரர் எல்லாருக்கும் சேட் அடிக்கிறதெண்டால் துணி காணாது.

கோல் விழுந்த நேரம் கிழவர் வாய் நிறைய றொட்டியும் கறியும். கண்ணிலை இருந்து தண்ணி தாரையா ஓடுது. நாட்டுப்பற்று எண்டு நாங்கள் நினைச்சம். மிளகாய்.

அதுக்குப் பிறகு நடந்ததை உனக்கு மறைக்கமாட்டன். டென்மார்க் பந்தைப் பின்னுக்குப் பின்னுக்கு உருட்டி ஸ்மைக்கலிட்டைக் குடுக்கும். அவன் கையிலை எடுப்பான், யோசிப்பான், உருட்டுவான், திரும்பவும் அவனிட்டை வரும். எங்கடை நாவாந்துறை மைதானத்திலை ஒருத்தன் இப்பிடி விளையாடியிருந்தால் சென். மேரிஸ் சனம் வேலிக் கதியாலைப் பிடுங்கிக்கொண்டு வந்திருக்கும். அந்தக் கோடையோடை சட்டத்தையே மாத்திப்போட்டினம்: காலாலை திருப்பிக் குடுத்த பந்தைக் காப்பாளர் கையாலை தொடக்கூடாது. டென்மார்க்காலைதான் மாத்தினது எண்டு ஜேர்மன்காரர் சொல்லுவினம். 90 உலகக் கிண்ணத்து நித்திரை ஆட்டங்களைப் பாத்து முதலே யோசிச்ச விசயம் அது. ஆனாலும் அந்த இறுதியாட்டத்தைப் பாத்தவன் ஒருத்தனும் அந்தச் சட்டத்தை எதிர்க்கமாட்டான்.

78ஆம் நிமிசம் கிம் வில்ஃபோர்ட் இரண்டாவதை அடிச்சான். பந்து முதலிலை அவன்ரை கையிலை பட்டது எண்டு ஜேர்மன்காரர் இண்டைக்கும் சொல்லுவினம். படத்தைப் போட்டுப் பாத்தால் எனக்கும் அப்பிடித்தான் தெரியுது. ஆனால் இஞ்சை ஒருத்தரும் அதைப் பற்றி வாதாட வரமாட்டினம். வில்ஃபோர்ட்டின்ரை ஏழு வயசு மகள் லீனவுக்கு அப்ப இரத்தப் புற்றுநோய். நோய் முத்தி, மனுசன் போட்டிக்கு நடுவிலை முகாமை விட்டு வீட்டை போனவன். பிரான்சோடை நடந்த ஆட்டத்திலை அவன் இல்லை. வீட்டாக்கள்தான் போ எண்டு திருப்பி அனுப்பினவை. வந்து அரையிறுதி விளையாடினான், பெனல்டி ஒண்டை அடிச்சான், இறுதியாட்டத்திலை கோல் அடிச்சான். கொஞ்சக் கிழமையிலை அந்தப் பிள்ளை செத்துப்போச்சு. 2015இலை அந்தக் கோடையைப் பற்றி ஒரு படம் எடுத்தவை, என்ரை மகள் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். கப் தூக்கிற கட்டத்திலை கொட்டகை கை தட்டேல்லை. எல்லாரும் அவனைத்தான் பாத்துக்கொண்டிருந்தவை.

2-0. ஆட்டம் முடிஞ்சு தெருவுக்கு இறங்கினம். பத்து மணிக்கும் வானம் வெளிச்சம். கார்க்காரர் ஹோர்ன் அடிக்கிறாங்கள். சாதாரண நாளிலை இஞ்சை ஹோர்ன் அடிச்சால் ஆரோ செத்துப்போச்சினம் எண்டு அர்த்தம். முன்பின் தெரியாதவன் என்னைக் கட்டிப்பிடிக்கிறான். ஒரு அம்மா என்ரை கன்னத்திலை வெள்ளையும் சிவப்புமாப் பூசிவிட்டா. என்ரை நிறத்திலை சிவப்பு எடுபடேல்லை, வெள்ளை மட்டும் விபூதிக் குறி மாதிரி நிண்டது, வேதக்காரன் எனக்கு! "நாங்கள் வெண்டிட்டம், நாங்கள்" எண்டு ஒருத்தன் என்ரை தோளைப் பிடிச்சு உலுப்பினான். அந்த "நாங்கள்" எண்டதுக்குள்ளை நானும் நிக்கிறன் எண்டு முதல்முதல் எனக்குப் பட்டது அண்டைக்குத்தான்.

திங்கட்கிழமை காலமை அதே ஆள் பஸ் தரிப்பிலை நிண்டான். நான் பல்லைக் காட்டினன். அவன் தன்ரை சப்பாத்தைப் பாத்தான்.

கொப்பன்ஹேகனிலை சனிக்கிழமை வரவேற்பு. நகரமண்டபச் சதுக்கம் கொள்ளாத சனம். ஐரோப்பாவை வெண்டு வந்த பெடியளுக்கு உள்ளுக்கை என்ன குடுத்தவை எண்டு நினைக்கிறாய்? பான்கேக்! நகரமண்டபத்துப் பான்கேக் எண்டு அதுக்கொரு பாரம்பரியம். எங்கடை ஊரெண்டால் ஆளுக்கொரு கிடாய் விழுந்திருக்கும்.

அந்தக் கிழமையே உனக்குப் பேப்பர் துண்டோடை ஒரு கடிதம் போட்டனான், ஞாபகமிருக்கோ? செஞ்சிலுவைக்காரரின்ரை கையாலை சுத்தி அது உன்னட்டை வந்து சேர எத்தினையோ மாதம். யாழ்ப்பாணத்திலை கரண்ட் இல்லை, நீங்கள் சைக்கிளைத் தலைகீழா நிப்பாட்டி டைனமோவைச் சுத்தி றேடியோ கேட்ட காலம். நீ எழுதின பதிலை நான் இப்பவும் வைச்சிருக்கிறன். கப்பைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. "மச்சான், ஆராவது வந்தால் பற்றரி குடுத்துவிடு, மறைச்சுக் குடுத்துவிடு, தடைப் பட்டியலிலை கிடக்கு" எண்டு எழுதியிருந்தாய். அதைக் கிழவருக்கு மொழிபெயர்த்துக் காட்டினன். அவர் ஒண்டும் பேசாமல் கீழை போய், நாலு பற்றரியைக் கொண்டுவந்து மேசையிலை வைச்சார். அதை எப்பிடி அனுப்புறது எண்டு விளங்கப்படுத்த ஒரு இரவு போச்சு.

அடுத்த ஆட்டம் 93 ஜனவரியிலை. அதிலை நாங்களே இறங்கினம், பந்தில்லாமல். 87இலை நீதி மந்திரியா இருந்த எரிக் நின்-ஹான்சன், எங்கடை ஆக்கள் மனுசி பிள்ளையளை எடுக்கப் போட்ட விண்ணப்பங்களை இழுத்தடிக்கச் சொல்லி அதிகாரியளுக்குச் சொன்னவர். சட்டப்படி அவையளுக்கு அது உரிமை. விசயம் வெளியாலை கசிய, பிரதமர் போல் ஸ்லூட்டர் 89இலை பாராளுமன்றத்திலை எழும்பி, கம்பளத்துக்குக் கீழை ஒண்டும் தள்ளேல்லை எண்டார். உயர் நீதிமன்ற நீதிபதி ஹோர்ன்ஸ்லெற் கம்பளத்தைத் தூக்கிப் பாத்து ஆறாயிரம் பக்கம் எழுதினார். ஜனவரி 14 அறிக்கை வெளியாலை வர, பத்து வருசம் ஆண்ட அரசாங்கம் விழுந்துது. போல் நியூறுப் றாஸ்முசன் பிரதமரானார். 95இலை நின்-ஹான்சனுக்கு ஒத்திவைச்ச நாலு மாதச் சிறை. இஞ்சை பள்ளிக்கூடப் புத்தகத்திலை அதுக்குப் பேர் "தமிழ் வழக்கு". உலகச் சாம்பியனை விழுத்தின நாட்டின்ரை அரசாங்கத்தை, தையல் பக்டரியிலை துணி வெட்டிக்கொண்டிருந்த எங்கடை சனத்தின்ரை கடதாசிக்கட்டு விழுத்திப்போட்டுது. கிழவர் அடுத்த நாள் படிக்கட்டிலை கண்டு கை குடுத்தார். வாழ்த்தினவரோ துக்கம் விசாரிச்சவரோ எண்டு இண்டைக்கும் எனக்குத் தெரியாது. அவர் ஸ்லூட்டருக்குத்தான் வாக்குப் போடுறவர்.

அந்த வருசம் மொழிப் பள்ளிக்கூடத்திலை என்ரை பக்கத்துக் கதிரைக்குப் பொஸ்னியாக்காரன் ஒருத்தன் வந்தான். ஆயிரக்கணக்கிலை வந்தவை அப்ப. வாத்தியார் அம்மா புது ஆக்களோடை கதை வளர்க்க வேண்டி, டென்மார்க்கைப் பற்றி என்ன தெரியும் எண்டு கேட்டா. அவன் எழும்பி, படிச்ச அரைகுறை டெனிஷிலை சொன்னான்: "எங்கடை கப் உங்களிட்டை இருக்கு." வகுப்பு ஒரு கணம் பேச்சு மூச்சில்லாமல் இருந்துது. அம்மா முகம் சிவந்து, பேந்து சிரிச்சா. அவனும் சிரிச்சான். தேத்தண்ணி இடைவேளையிலை நான் கேட்டன், உண்மையாத்தான் சொன்னியோ எண்டு. அவன் ஓசிமின்ரை ஊர். பாஞ்சேவ், சாவிசெவிச் எண்டு பதினொரு பேரையும் விரல் மடிச்சுச் சொன்னான். மூண்டு பேர் இப்ப ஒரு நாடு, நாலு பேர் வேறை நாடு, மிச்சப் பேர் எந்த நாடு எண்டு அவையளுக்கே தெரியாது எண்டான். அவங்கள் விளையாடியிருந்தால் ஆர் வெண்டிருப்பினம் எண்டு பிறகு கன காலம் நாங்கள் ரெண்டு பேரும் சண்டை பிடிச்சனாங்கள். நான் டென்மார்க் பக்கம். ஏன் எண்டு அவன் கேட்டான். அவங்கள் எனக்குச் சொந்தக்காரர் எண்டன்.

கிழவர் செத்துக் கன காலம். கடைசி வரைக்கும், தான் இறுதியாட்டத்தைக் கோதன்பேர்க்கிலை பாத்ததாத்தான் பேரப்பிள்ளையளுக்குச் சொன்னவர். செத்தவீட்டிலை மகன்காரன் அதைச் சொல்லி அழேக்கை நாங்கள் நாலு பேரும் வாயைத் திறக்கேல்லை.

இனி விசயத்துக்கு வாறன். இந்தக் கடிதத்தைத் தபாலிலை போட வழியில்லை. 1624இலை தொடங்கின தபாலை டென்மார்க்கிலை 2025 டிசம்பரோடை மூடிப்போட்டினம். பார்சல் மட்டும்தான் இனிப் போஸ்ட்காரர் காவுவினம், சிவப்புப் பெட்டியளைக் கழட்டி வித்தும் போட்டினம். வேறை ஒரு கொம்பனி கடிதம் எடுக்குதாம், அவையின்ரை விலைக்கு நானே பிளேன் ஏறி வரலாம். அதாலை மச்சாள் பத்தாம் திகதி வரேக்கை அவவின்ரை சூட்கேசிலை வைச்சு விடுறன். சொக்கிலேற்றுக்குக் கீழை, உன்ரை மூத்தவனுக்கு வாங்கின டெனிஷ் சேட்டுக்குள்ளை சுத்திக் கிடக்கும். சேட் நடுத்தர அளவுதான், ஆனால் டெனிஷ்காரன்ரை நடுத்தரம் எங்கடை ஊரிலை ரெண்டு பேர் போடக் காணும்; தங்கச்சியைக் கொண்டு பக்கவாட்டிலை பிடிச்சுத் தைப்பி. அவ கொழும்பிலை நாலு நாள் நிப்பா. அதுக்குள்ளை போன் எடுத்துச் சொல்லிவை, இல்லாட்டி அவ சேட்டைத் தன்ரை தமையன்ரை பெடியனுக்குக் குடுத்துப்போட்டு, கடிதத்தைச் சொக்கிலேற்றுப் பெட்டிக்குள்ளை மடிச்ச கடதாசி எண்டு எறிஞ்சுபோடுவா. ஒடியல் மா அனுப்பினால் கால் கிலோவுக்கு மேலை வேண்டாம். போனமுறை விமான நிலையத்திலை அதைத் திறந்து மணந்து பாத்தவனுக்கு நான் கூழ் காய்ச்சிற முறை முழுக்கச் சொல்லவேண்டிப் போச்சு.

இப்படிக்கு,
அன்புள்ள மச்சான்.